மண்ணுக்குள் புளித்த புல்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சாம்பிக்கு ஒரே பயம்.

சாம்பி ஒரு பெண் மிளா. மான்களில் பெரிய இனம். உடம்பெல்லாம் சாம்பல் பூத்த பழுப்பு. அன்றைக்கு ஓடைக்கரை மருத மரத்தடியில் காட்டுப் பிராணிகள் கூடியிருந்தன. மார்கழி மாதம். மழை ஓய்ந்து, புல் வயிற்றளவு வளர்ந்து நின்றது. பங்குனி வந்தால் அதே இடத்தில் புழுதி பறக்கும். அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

சாம்பி மட்டும் ஒன்று பார்த்திருந்தாள்.

"சொல்லேன்டி! என்னத்தை மென்னுக்கிட்டே இருக்கே?" என்று கிளையிலிருந்து கத்தினாள் மந்தி வாலாயி. அவளுக்கு வால் நீளம். நாக்கு அதைவிட நீளம்.

"நான் பார்த்தது ஒண்ணு. அது வாய்க்குள்ள வந்து வேற ஒண்ணாப் போயிட்டா?"

"தப்பாச் சொன்னா திருத்திக்கலாம். சொல்லாமலே விட்டா எதைத் திருத்துறது?" என்றாள் ஆனையம்மா. காட்டிலேயே பெரிய யானை அவள். அவள் பேசினால் வாலாயிகூட வாயை மூடுவாள்.

சாம்பி கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"போன வருஷ மழையில ஓடைக்கரை சரிஞ்சு புல்லோட விழுந்துச்சு இல்லையா? கோடையில தண்ணி தேடி அங்கே மண்ணைக் கிளறினேன். உள்ளே புல்லு இருந்துச்சு. காயலை. அழுகவும் இல்லை. மஞ்சளும் பச்சையுமா, மெத்துன்னு, புளிப்பு வாசனையோட இருந்துச்சு. அதைத் தின்னுதான் நான் பிழைச்சேன்."

மீதியை அவள் சொல்லவில்லை. அந்தப் புல்லை அவள் கண்டுபிடிப்பதற்குள் அவளுடைய முதல் குட்டி பசியில் கால் சோர்ந்து கூட்டத்துக்குப் பின்தங்கிவிட்டது. பின்தங்கியது திரும்பி வரவில்லை. இப்போது இன்னொரு குட்டி அவள் வயிற்றை ஒட்டி நின்றது. அதற்கும் ஒரு பங்குனி வரப்போகிறது.

"மண்ணுக்குள்ள போனது அழுகாம இருக்குமாக்கும்!" என்று சிரித்தாள் வாலாயி.

"இருக்கும்" என்று ஒரு குரல் வந்தது. முள்ளம்பன்றி முள்ளன் வளையிலிருந்து தலையை நீட்டினான். "என் வளையில பழம் பதுக்குறேன். மண்ணை வச்சு இறுக்கி மூடினது புளிக்குது. ஓட்டை விழுந்தது பூசணம் பூக்குது. ஏன் தெரியுமா? எல்லாத்து மேலயும் கண்ணுக்குத் தெரியாத பொடியர்கள் ஒட்டிக்கிட்டு இருக்காங்க."

"கண்ணுக்குத் தெரியாதவங்களை நீ எந்தக் கண்ணால பார்த்தே?"

"பார்க்கலை. அவங்க செய்யுற வேலையைப் பார்த்தேன். அதுல ரெண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்குக் காத்து வேணும். காத்து கிடைச்சா பூசணமும் அழுகலுமாக் கொண்டாடுவாங்க. இன்னொரு கூட்டத்துக்குக் காத்தே வேண்டாம். புல்லுல இருக்கிற இனிப்பைத் தின்னு புளிப்பா மாத்துவாங்க. அந்தப் புளிப்புல அழுக வைக்கிறவங்க தலையெடுக்க முடியாது. புல்லு மாசக்கணக்கா நிக்கும்."

"அப்போ நாம செய்ய வேண்டியது?" என்று கேட்டாள் ஆனையம்மா.

"காத்தை வெளியே தள்ளணும். மூடணும். அப்புறம் சும்மா இருக்கணும். கடைசி வேலைதான் கஷ்டம்."

வேலை தொடங்கியது. மழைநீர் இறங்காத மேட்டில் முள்ளனும் அவன் உறவுக்காரர்களும் குழி பறித்தார்கள். பனி ஈரம் காய்ந்த பிறகு மிளாக்கள் புல்லைக் கடித்துப் போட்டன. மந்திகள் அதைத் துண்டு துண்டாகக் பிய்த்துக் குழியில் எறிந்தன. பொடியர்களுக்கு இனிப்புக் கூடுதலாக இருக்கட்டும் என்று கனிந்த அத்திப்பழங்களையும் சேர்த்தார்கள். வாலாயி போட்டது கொஞ்சம், தின்றது நிறைய. ஒவ்வொரு அடுக்கையும் ஆனையம்மா இறங்கி மிதித்தாள். அவள் மிதித்த இடத்தில் காற்றுக்கு ஏது இடம்! மேலே தேக்கிலை பரப்பி, களிமண் பூசினார்கள்.

"எங்க வாய்ப் புல்லைப் பிடுங்கி உள்ளே போட்டிருக்கோம்" என்றாள் வாலாயி. "கெட்டுச்சுன்னா உன்னைத்தான்டி கேட்போம்!"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சாம்பிக்கு அது முள்ளாகத் தைத்தது. குழிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஓடைக்கு அந்தப் பக்கம் நரி நல்லதம்பி வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? குட்டி நல்லா இருக்கா?"

"இருக்கோம் தம்பி."

"உங்களை நினைச்சாத்தான் எனக்குக் கவலை. காட்டுப் புல்லு அத்தனையும் உங்க வாய்ச்சொல்லை நம்பிக் குழிக்குள்ள கிடக்கு. உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்தீங்களா?"

"பார்க்கக் கூடாதுன்னு முள்ளன் அண்ணன் சொல்லியிருக்கார்."

"யாரு, முள்ளனா? அவன் கிழங்கு தின்னுறவன் அக்கா! புல்லு போனா அவனுக்கு என்ன? எதுக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க. பெரிசா வேண்டாம். மூக்கு நுழையுற அளவு போதும்."

புல் தின்னாத நரிக்குப் புல்லைப் பற்றி இத்தனை அக்கறை ஏன் என்று அவள் யோசித்திருக்கலாம். கவலையில் இருப்பவர்களுக்கு யோசிக்க நேரம் ஏது? குழியின் ஒரு மூலையில் குளம்பால் களிமண்ணைச் சுரண்டினாள். இலையை விலக்கி மூக்கை நுழைத்தாள். லேசான புளிப்பு வாசனை. நல்ல வாசனை! நிம்மதியாக மண்ணைத் தள்ளி மூடினாள்.

மறுநாளும் நரி வந்தான்.

"பார்த்தீங்களா அக்கா?"

"பார்த்தேன். நல்லா இருக்கு."

"நேத்து நல்லா இருந்துச்சு, சரி. இன்னைக்கு?"

ஆமாம், இன்றைக்கு? மறுபடி சுரண்டினாள். நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மறுநாளும் சுரண்டினாள். பிறகு நரி வந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. காலையில் எழுந்ததும் ஒரு தடவை, மேயப் போகும் முன் ஒரு தடவை, மேய்ந்துவிட்டு வந்து ஒரு தடவை. மூக்களவு இருந்த ஓட்டை முகத்தளவு ஆயிற்று. களிமண் உதிர்ந்து பொடியாகி, மூடினாலும் மூடாமல் நின்றது.

ஒரு காலையில் மூக்கை நுழைத்தவள் திடுக்கிட்டாள். உள்ளே சுட்டது! புளிப்பு வாசனையைக் காணோம். பழைய ஈரக் கட்டையின் நாற்றம். புல்லின் மேல் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. அதன் கீழே கறுத்துக் கட்டி தட்டியிருந்தது.

"ஐயோ!" என்று அலறினாள்.

அக்கரையில் நரி எழுந்து உட்கார்ந்தான்.

"கெட்டுப்போச்சா அக்கா? அடடா! போனாப் போகட்டும், மனசை விடாதீங்க. கோடையில குட்டி நடக்க முடியாமப் பின்னால நின்னா நான் பார்த்துக்கிறேன். போன வருஷமும் நான்தானே பார்த்துக்கிட்டேன்!"

சொன்ன பிறகுதான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு புதருக்குள் நழுவினான்.

சாம்பி குட்டியை முன்னால் நடக்கவிட்டு நேரே முள்ளனின் வளைக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்தத் தடவை தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

முள்ளன் வந்து பார்த்தான்.

"இது மூக்கா, மண்வெட்டியா?" என்று சீறினான். "காத்து வேணுங்கிற கூட்டத்துக்கு நீயே வாசல் திறந்து விட்டிருக்கே!"

"எல்லாம் போச்சா அண்ணே?"

முள்ளன் பூசணம் பிடித்த புல்லை வாரி வாரி வெளியே எறிந்தான். கறுத்தது போயிற்று. சூடானது போயிற்று. அதற்கும் கீழே புல் இறுகிப்போய், குளுமையாக, புளிப்பு மணத்தோடு இருந்தது. ஆனையம்மா மிதித்த மிதியில் காற்று அதற்குமேல் இறங்கவில்லை.

"ஒரு மூலைதான் போயிருக்கு. மூடினா மீதி தப்பிக்கும். நீ தப்பிக்க விடணுமே!"

புதுக் களிமண் பூசி முடித்தார்கள். சாம்பி களைத்துப் படுத்தாள். படுத்ததும் வழக்கம்போல் வயிற்றிலிருந்து இரை மேலே வந்தது. அசை போட்டாள். காலையில் தின்றது நாரும் நரம்புமான முரட்டுப் புல். இப்போது வாய்க்கு வந்தது கூழ். பாதி மென்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, என் வயித்துக்குள்ளேயும் அந்தப் பொடியர்கள் இருக்காங்களா?"

"இல்லாம? உன் பல்லு மட்டுமா இந்தப் புல்லைச் சோறாக்குது? உள்ளே கோடிக்கணக்குல உட்கார்ந்து வேலை பார்க்கிறாங்க. அங்கேயும் காத்துக்கு இடமில்லை."

"அவங்களை நான் ஒருநாளும் திறந்து பார்த்தது இல்லையே!"

"பார்த்திருந்தா இப்போ படுத்து அசை போட்டுக்கிட்டு இருக்க மாட்டே!"

சாம்பிக்குப் புரிந்தது. பிறந்த நாளிலிருந்து கண்ணால் பார்க்காமலே அவர்களை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். புரிந்தது சரி. புரிந்தால் மூக்கு சும்மா இருந்துவிடுமா? தன் மூக்கை அவளுக்குத் தெரியும். நாளைக் காலை மறுபடி "இன்னைக்கு?" என்று அது கேட்கும்.

எழுந்து ஆனையம்மாவிடம் போனாள்.

"குழி மேல ஒரு பாறையை உருட்டி வையுங்க, ஆனையம்மா. என்னால நகர்த்தவே முடியாத பாறையா இருக்கணும்."

"எதுக்கு? நரிக்குப் பயந்தா?"

"நரி ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கான். என் மூக்கு என்கூடவே இருக்கு."

ஆனையம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு பெரிய பாறையை உருட்டி வந்து குழிமேல் வைத்தாள். பாறையின் ஓரமெல்லாம் முள்ளன் தன் உதிர்ந்த முட்களை நட்டு வைத்தான்.

சில நாள் கழித்து நரி ஒன்றும் தெரியாதவன்போல் வந்தான்.

"அக்கா, இன்னைக்கு எப்படி இருக்கு?"

"தெரியாது."

"பார்க்கலையா?"

"பார்க்கலை."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. பாறையைத்தான் நகர்த்த முடியலை!"

தானே தோண்டிவிடலாம் என்று நரி அன்று ஓடையைக் கடந்து வந்தான். குழி தோண்டும் முன்பே இரண்டு முன்னங்கால்களிலும் முள் ஏறியது. ஊளையிட்டுக்கொண்டு திரும்பி ஓடினான்.

பங்குனி வந்தது. காடு காய்ந்தது. புழுதி பறந்தது. ஆனையம்மா பாறையை உருட்டித் தள்ளினாள். இலையை விலக்கியதும் புளிப்பு மணம் குப்பென்று வந்தது.

"சீ, என்னடி இந்த நாத்தம்!" என்று மூக்கைப் பொத்தினாள் வாலாயி.

சாம்பியின் குட்டி யாரையும் கேட்கவில்லை. தலையைக் கவிழ்த்துத் தின்னத் தொடங்கியது. பிறகு எல்லாரும் தின்றார்கள். கடைசியில் வாலாயியும் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கோடை முழுக்க அக்கரையில் நரி காத்துக் கிடந்தான். மிளாக் கூட்டம் தண்ணீருக்கு வரும்போதெல்லாம் பின்தங்கும் கால்களைத் தேடினான். சாம்பியின் குட்டி எப்போதும் கூட்டத்துக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போயிற்று. கோடை முடியும் முன்பே அவன் வேறு காடு தேடிப் போய்விட்டான்.

அடுத்த மார்கழியில் குழி பறிக்க எல்லாரும் கூடினார்கள். சாம்பியை மட்டும் காணோம். தேடிப் போனால், அவள் மலையடிவாரத்தில் போன வருஷத்துப் பாறையைவிடப் பெரிய பாறை ஒன்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. "இதுதான் சரி" என்று திருப்தியோடு தலையாட்டிவிட்டு, ஆனையம்மாவைக் கூப்பிடப் போனாள்.

மூடி வைத்தால் தானே நடக்கும் வேலையைத் தோண்டித் தோண்டிப் பார்க்கிறவர், பகைவனுக்கு எந்த வேலையும் மிச்சம் வைப்பதில்லை.