எதுவும் முளைக்காத தட்டு

கரிசல் காட்டில் ஒரு பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் ஜெபமணி சார். உயிரியல் டீச்சராகப் புதிதாக வந்திருந்த காந்திமதி அவரிடமே படித்தவள்.

ஒருநாள் அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"ஆவுடையை வேற குரூப்புக்கு மாத்திருங்க சார். ஒரு வரி நடத்த விடமாட்டேங்கா. ஏன், எதுக்குன்னு ஒரே நச்சரிப்பு. அவ வராத அன்னைக்கு வகுப்பு கப்சிப்னு இருக்கு."

"அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?"

"டாக்டர் ஆகணுமாம். அழுதா."

சார் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுதேன். ஆன்டிபயாட்டிக் சோதனை இருக்குல்லா, அதை முடி."

சுத்தம் சோறு போடும் என்பார்கள். காந்திமதிக்கு அது ஒரு வேளை கூடுதலாகவே போட்டது. சோதனைக்கான கண்ணாடித் தட்டை இரண்டு முறை அவித்தாள். தூசி விழுந்துவிடுமே என்ற பயத்தில், பாக்டீரியா வளர்க்கும் அகர் கூழை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே தயிர்த் தண்ணீரைக் கலந்து தட்டில் ஊற்றினாள். தயிரில் இருக்கும் பாக்டீரியாதான் சோதனைக்கு. கூழ் உறைந்ததும் நான்கு மருந்துகளில் தனித்தனியாக நனைத்த நான்கு காகித வில்லைகளையும், வெறும் தண்ணீரில் நனைத்த ஒன்றையும் வைத்தாள். மூடி டேப் ஒட்டினாள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி மட்டும் வட்டமாக ஒன்றும் முளைக்காது.

வெள்ளிக்கிழமை பார்த்தால், தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. சாரும் வகுப்புக்கு வந்திருந்தார்.

"பாத்தீங்களா சார்! நாலு மருந்தும் மொத்தமாத் தடுத்துட்டு."

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆவுடை எழுந்தாள்.

"டீச்சர், தண்ணி வில்லையைச் சுத்தியும் ஒண்ணும் முளைக்கலையே. ஏன்?"

"உட்காரு" என்றாள் காந்திமதி. பிறகுதான் தட்டைப் பார்த்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். முப்பத்தெட்டுப் பேரில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

"கொதிக்கிற பால்ல உறை ஊத்தினா தயிர் தோயுமா, காந்திமதி?"

"தோயாது சார்." அவளுக்கு வெட்கமாக இருந்தது. "சூட்டுலயே எல்லாம் செத்திருக்கும்."

"அப்போ இந்த நாலுல எது நல்ல மருந்து?"

"சொல்ல முடியாது சார். தடுக்கதுக்கு உள்ள ஒண்ணுமே இல்லையே."

சார் பையிலிருந்து கடிதத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். தட்டை ஒரு தரம் குனிந்து பார்த்தார்.

"கப்சிப்னுதான் இருக்கு" என்றார். "சொல்லு, எங்க கையெழுத்துப் போடணும்?"

காந்திமதி கடிதத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.