நான்காவது மூலை

எர்மெலிந்தாவிடம் நெசவு கற்றுக்கொள்ள வந்தபோது அபுந்தியோவுக்கு ஐம்பத்தாறு வயது. எர்மெலிந்தாவுக்கு முப்பத்தெட்டு.

மெக்சிகோவில், ஓஹாகா பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கும் ஸபோதெக் இன நெசவாளர்களின் ஊர் அது. பெரும்பாலான வீடுகளில் தறி உண்டு. நகரத்திலிருந்து வேன்களில் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். கம்பளி எப்படி நூலாகிறது, நூலில் எப்படிச் சாயம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு கோப்பை சூடான சாக்லேட் குடித்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவார்கள்.

அபுந்தியோ அப்படி ஒரு வேனை ஓட்டியவர். பதினோரு ஆண்டுகள் எர்மெலிந்தாவின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார். ஒருநாள் தூக்கம் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"எனக்குச் சொல்லித் தருவீர்களா?"

"பேசத் தெரியுமா?" என்று கேட்டார் எர்மெலிந்தா.

"தெரியும்."

"வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். மிச்ச நேரத்தில் கற்றுக்கொள்ளுங்கள்."

மூன்று ஆண்டுகள் அப்படிப் போயின. அவர் எர்மெலிந்தாவை மாயெஸ்த்ரா என்று அழைத்தார். ஆசிரியையை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். எர்மெலிந்தா அவருடைய வயதுக்கு மரியாதை கொடுத்து, தோன் அபுந்தியோ என்றார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் முதன்முதலாக முழுசாக நெய்த கம்பளத்தைச் சுவரில் மாட்ட மாட்டார்கள். பயணிகள் வருகிற ஒரு நாளில், தறிக்கூடத்து வாசலில் தரையில் விரிப்பார்கள். யார் நெய்தது என்று சொல்லக் கூடாது. வருகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டு போவார்கள், வருவார்கள். வேன் கிளம்பிய பிறகு எர்மெலிந்தா வந்து பார்ப்பார். தேறினால், வடக்கே வேலைக்குப் போய்விட்ட அவருடைய அண்ணனின் தறி அபுந்தியோவுக்கு. தேறாவிட்டால் கம்பளத்தைப் பிரித்து, நூலைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு, இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அபுந்தியோவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது. ஓராண்டு என்பது அவருக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

அன்று காலை கம்பளத்தை விரித்தார். ஆட்டுக் கம்பளியின் இயற்கையான பழுப்பு நிறத்தில் பின்னணி, நடுவே படிப்படியாக ஏறி இறங்கும் சிவப்புக் கோலம். அந்தச் சிவப்புக்காக நான்கு தடவை சாயம் காய்ச்சியிருந்தார். மூன்று தடவை செங்கல் நிறத்தில் வந்து காலை வாரியது. நான்காவது தடவைதான் மாதுளை முத்தின் நிறம் கிடைத்தது.

மூன்று மூலைகள் தரையோடு படிந்தன. நான்காவது, நாயின் காதுபோல மடங்கி எழுந்து நின்றது.

உள்ளங்கையால் அழுத்தினார். படிந்தது. கையை எடுத்தார். எழுந்தது.

காரணம் அவருக்குத் தெரியும். குறுக்கே ஓடும் ஊடை நூலை ஓரத்தில் தளர்வாக விட வேண்டும். அவர் இழுத்துவிடுவார். "அது ஸ்டியரிங் இல்லை, தோன் அபுந்தியோ. வளைவில் இழுத்துத் திருப்ப வேண்டாம்" என்று எர்மெலிந்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கடைசி இரண்டு சாண் நெய்தபோது முடிக்கிற அவசரத்தில் அவர் அதை மறந்துவிட்டிருந்தார்.

எர்மெலிந்தா சாயப்பானைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் இன்னும் வரவில்லை.

"மாயெஸ்த்ரா," என்று அபுந்தியோ அங்கிருந்தே கூப்பிட்டார். "ஒரு சந்தேகம். நீங்களே பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்லிவிடலாமே. இதைப் போய் ஏன் ஊரார் காலில் போட வேண்டும்?"

"கால்களுக்கு முகம் பார்த்துப் பேசத் தெரியாது," என்றார் எர்மெலிந்தா.

வெளியே ஹாரன் ஒலித்தது. அபுந்தியோ தன் வலது காலைத் தூக்கி நான்காவது மூலையின் மேல் வைத்தார்.

ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் ரொகேலியோ என்ற பல் மருத்துவர்தான் அதிகம் பேசினார். கைத்தடியோடு வந்த ஒதீலியா என்ற மூதாட்டி பேசவே இல்லை.

வழக்கமாக அபுந்தியோ முன்னால் நடப்பார். முற்றம், கம்பளி சீவும் பலகை, ராட்டை, சாயப்பானைகள், பிறகு தறி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் போவார். அன்று வாசலில் நின்றபடியே கையை நீட்டினார்.

"அதோ, முற்றத்தில் இருப்பது கம்பளி. எல்லோரும் போய்த் தொட்டுப் பாருங்கள். நான் இங்கிருந்தே சொல்கிறேன்."

போனார்கள். அவர் உரத்த குரலில் சொன்னார்.

"அந்தப் பலகையில் முள் இருக்கிறது. பார்த்து! கம்பளியை அதில்தான் சீவுவோம். அடுத்து ராட்டை. உங்கள் இடது பக்கம். அது கோழிக்கூண்டு ஐயா, அதற்கு அந்தப் பக்கம்!"

சாயப்பானைகள் முற்றத்தின் கோடியில் இருந்தன. அங்கே எர்மெலிந்தா நின்றிருந்தார். சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பொடிபோல ஒட்டியிருந்த பூச்சிகளில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நசுக்கினார். கை சிவந்தது. பயணிகள் நெருங்கி வந்து பார்த்தார்கள்.

"இப்போது எலுமிச்சையைப் பிழிவார்!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "ஆரஞ்சு நிறமாக மாறும், பாருங்கள்! மாறிவிட்டதா?"

எர்மெலிந்தா இன்னும் எலுமிச்சையைக் கையில் எடுக்கவில்லை.

"மாறவில்லை!" என்று கத்தினார் ரொகேலியோ.

"மாறும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எர்மெலிந்தா பழத்தை எடுத்துப் பிழிந்தார். மாறியது.

ரொகேலியோ திரும்பி வாசலுக்கு வந்தார். அபுந்தியோவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தோழரே, எங்களை மேயவிட்டுவிட்டு நீங்கள் கம்பத்தில் கட்டின கழுதை மாதிரி நிற்கிறீர்கள். கால் வலியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நோயாளி என்று நினைத்துவிடுவார்களோ என்று அபுந்தியோவுக்குத் தோன்றியது.

"வலியெல்லாம் இல்லை. இது ஒரு வழக்கம்."

"என்ன வழக்கம்?"

"வழிகாட்டுகிறவர் கம்பளத்தின் மூலையில் கால் வைத்து நிற்க வேண்டும்."

"எதற்கு?"

அபுந்தியோ வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மண்ணுக்கு மரியாதை," என்றார்.

ரொகேலியோ அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டார். பிறகு அபுந்தியோவின் பூட்ஸைப் படம் எடுத்தார். மற்றவர்களைக் கூப்பிட்டார். "இங்கே வாருங்கள், இதுதான் அசல்! புத்தகத்தில் கிடைக்காது!" அவர்களும் வந்து படம் எடுத்தார்கள். ஒரு பெண், தானும் கால் வைக்கலாமா என்று கேட்டார். கூடாது என்று சொல்ல அபுந்தியோவிடம் காரணம் இல்லை. பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

ஒருவர் காலை எடுக்க எடுக்க அடுத்தவர் கால் விழும்படி அவர் பார்த்துக்கொண்டார். "நேரம் இல்லை, சீக்கிரம், சீக்கிரம்!" எட்டுக் கால்கள் மாறின. மூலை எழ நேரம் கிடைக்கவில்லை. கடைசிக் கால் விலகுவதற்குள் அவருடைய பூட்ஸ் அங்கே இருந்தது.

கை துடைத்துக்கொண்டு எர்மெலிந்தா வந்தார்.

"மாயெஸ்த்ரா," என்றார் ரொகேலியோ. "மண்ணுக்கு மரியாதை செய்யும் இந்த வழக்கம் எவ்வளவு பழையது?"

எர்மெலிந்தா அந்தப் பூட்ஸைப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார்.

"காலையிலிருந்து இருக்கிறது," என்றார்.

பயணிகள் சிரித்தார்கள். அபுந்தியோ சிரிக்கவில்லை.

எல்லோரும் கம்பளத்தைக் கடந்து தறிக்கூடத்துக்குள் போனார்கள். எர்மெலிந்தா தறியில் ஏறி நின்று நெய்து காட்டினார். கீழே இரண்டு மிதிபலகைகள். வலது கால் அழுத்த ஒரு பாதி நூல் எழுந்தது, இடது கால் அழுத்த மறுபாதி எழுந்தது. பார்ப்பதற்கு அவர் எங்கேயோ நடந்து போவதுபோல இருந்தது. சுவரில் மாட்டியிருந்த கம்பளங்களைப் பற்றிப் பயணிகள் கேட்டார்கள். இந்த நீலம் எதிலிருந்து? அவுரியிலிருந்து. இந்த மஞ்சள்? ஒரு மலைப் பூவிலிருந்து.

தரையில் கிடந்த சிவப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அபுந்தியோ காத்திருந்தார். கேட்டால் பதில் சொல்ல நான்கு தடவை காய்ச்சிய சாயத்தின் கதை அவரிடம் இருந்தது. பூச்சியை எவ்வளவு நேரம் அரைத்தார், எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துவந்தது என்றெல்லாம் சொல்லியிருப்பார். அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் மண்ணுக்கு மரியாதை செய்வதைப் பற்றியே கேட்டார்கள். இடது காலா வலது காலா? பெண்களும் செய்யலாமா? அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் இன்னொரு பதில் தேவைப்பட்டது.

சாக்லேட் வந்தது. மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து குடித்தார்கள். அவர் நின்றபடி குடித்தார். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போயிருந்தது.

ஒதீலியா தன் கோப்பையோடு மெல்ல அவரிடம் வந்தார். வரிசையில் நிற்காத ஒரே ஆள் அவர்தான். கைத்தடியை ஊன்றி, குனிந்து, பூட்ஸுக்குப் பக்கத்தில் கம்பளத்தின் ஓரம் உள்வாங்கியிருப்பதைப் பார்த்தார்.

"எங்கள் வீட்டிலும் ஒன்று இப்படித்தான் எழும்பும்," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

அபுந்தியோ பூட்ஸை இன்னும் அழுத்தினார்.

"அதன் மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் ஆயிற்று."

"நல்ல கம்பளமா?"

ஒதீலியா யோசித்தார். "நல்லதுதான் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் பூவைப் பற்றித்தான் பேசுவார்கள்."

கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு வேனுக்குப் போனார்.

ரொகேலியோ ஜன்னல் வழியாகக் கையசைத்தார். "அடுத்த தடவை என் தம்பியைக் கூட்டி வருகிறேன், அவனும் கால் வைக்கட்டும்!" வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இன்னும் வெயில் இருந்தது. முற்றத்தில் கோழிகள் ரொட்டித் துணுக்குகளைக் கொத்தின.

அபுந்தியோ அதே இடத்தில் நின்றார். இரண்டு கைகளிலும் காலிக் கோப்பைகள்.

எர்மெலிந்தா வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

"போய்விட்டார்கள்," என்றார்.

"ஆமாம், மாயெஸ்த்ரா."

"ஒன்பது பேர்."

"எல்லோரும் மிதித்தார்கள். யாரும் ஒரு குறை சொல்லவில்லை."

"சொல்லவில்லை."

"நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை," என்றார் அபுந்தியோ.

"அதையும் சொல்லவில்லை."

"நீங்கள் சொல்லுங்கள்."

எர்மெலிந்தா கம்பளத்தைப் பார்த்தார். கோலத்தின் சிவப்பின் மேல் அவர் பார்வை சற்றுத் தங்கியது. பிறகு பூட்ஸில் வந்து நின்றது. அங்கேயே நின்றது.

"பிரித்துவிடட்டுமா?" என்று கேட்டார் அபுந்தியோ.

எர்மெலிந்தா உள்ளே போனார். அண்ணனின் தறியை மூடியிருந்த துணியை இழுத்தார். தூசு பறந்தது. துணியை மடித்து ஓரமாக வைத்தார். குனிந்து, மிதிபலகைகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தார். இரண்டும் முனகின. கயிற்றை இறுக்கினார்.

வாசலிலிருந்து அபுந்தியோ கழுத்தை நீட்டிப் பார்த்தார். காலை மட்டும் அசைக்கவில்லை.

"அப்படியென்றால் தறி எனக்கா, மாயெஸ்த்ரா?"

எர்மெலிந்தா நிமிர்ந்து கையிலிருந்த தூசைத் தட்டினார்.

"இதை மிதிக்க இரண்டு கால்கள் வேண்டும், தோன் அபுந்தியோ," என்றார். "இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்."