செவ்வந்தி என்ன சாப்பிடுவாள்?

கடலோரப் பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. அலை ஏறும்போது கடல் அதற்குள் வந்துபோகும். வற்றும்போது குட்டை தனியாக நிற்கும். அதில் கொடுக்கன் என்ற நண்டு குடியிருந்தான்.

கொடுக்கனுக்கு ஒரு மனக்குறை. அமாவாசையன்று கடல் நன்றாக உள்வாங்கும். அப்போது நண்டுகளும் சங்குகளும் இறால்களும் குட்டைக்குக் குட்டை விருந்தாடப் போவார்கள். எல்லோரும் பக்கத்துக் குட்டைச் சிங்கி இறால் வீட்டில்தான் நெடுநேரம் நிற்பார்கள். அங்கே சிவப்பாக ஒரு நட்சத்திர மீன் இருந்தது. கொடுக்கன் வீட்டுக்கு வந்தால் பாசியில் ஒரு கடி கடித்துவிட்டு, "நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார்கள்.

அடுத்த அமாவாசைக்கு ஏழு நாள் இருந்தபோது கணவாய் மீன் ஒன்று குட்டைக்கு வந்தது. அது கடலுக்குள் தள்ளியிருக்கும் பாறைத்திட்டான வெளிப்பாரிலிருந்து அபூர்வமான உயிர்களைக் கொண்டுவந்து பண்டமாற்றுச் செய்யும் வியாபாரி. அதன் கையில் ஓடில்லாத கடல் நத்தை ஒருத்தி ஒட்டியிருந்தாள். பெயர் செவ்வந்தி. ஊதா உடம்பு, சேலைக்கரை போல் ஓரமெல்லாம் மஞ்சள், முதுகில் பூ விரிந்தாற்போல் செவுள். கொடுக்கன் கண்ணை எடுக்கவில்லை.

நிறம் மங்குமா என்று கேட்டான். கூச்ச சுபாவமா என்று கேட்டான். விருந்தாளி வந்தால் முன்னால் வந்து நிற்பாளா என்றும் கேட்டான். கணவாய் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?" என்றது.

"வேற என்ன இருக்கு?" என்று கொடுக்கன் தன் நல்ல சங்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

அன்றைக்கே உபசாரம் தொடங்கியது. முதலில் இளம்பாசி வைத்தான். செவ்வந்தி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வேண்டாம் அண்ணே" என்றாள். கொடுக்கனுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அந்தக் கரையில் விருந்தாளி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். வைக்கிறவர் கேளாமல் இன்னும் வைக்க வேண்டும். அதுதான் மரியாதை. நல்ல இடத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பங்கு வைத்தான்.

மறுநாள் மட்டிச் சிப்பியின் சதை. வேண்டாம் என்றாள். நாலு துண்டு சேர்த்து வைத்தான். அதற்கு அடுத்த நாள் செத்த சாளை மீனை முழுசாக இழுத்து வந்தான். இதெல்லாம் தனக்கு ஒத்துவராது என்று அவள் மெல்லிய குரலில் சொன்னாள். எத்தனை அடக்கம் என்று கொடுக்கன் பூரித்துப்போய் மீனை அவள் முகத்துக்கு நேரே நகர்த்தினான்.

நாலாம் நாள் குட்டை நாறியது. அதே குட்டையில் இடுக்கில் வசித்த உளுவை மீன் மூக்கைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் செவ்வந்தியைப் பார்த்துத் திடுக்கிட்டாள். உடம்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. மஞ்சள் கரை வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா, இவ சாப்பிடறாளா இல்லையா?"

"கூச்சப்படுறா அக்கா. பழகினால் சரியாயிடும்."

"கூச்சத்துல யாராவது பாதியா இளைப்பாங்களா? அவ என்ன சாப்பிடுவான்னு என்னிக்காவது கேட்டியா?"

கொடுக்கன் கேட்டதில்லை. இப்போதுதான் செவ்வந்தியின் அருகே போய்க் கேட்டான்.

"நீலக் கடற்பஞ்சு," என்றாள். "அது ஒண்ணுதான் அண்ணே. பிறந்ததிலிருந்து வேறெதுவும் தின்னதில்லை."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே தாயி."

"வேண்டாம் என்று ஒன்பது தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கூட வைத்தீர்கள். இதைச் சொன்னால் மட்டும் காதில் விழுமா என்று இருந்துவிட்டேன்."

கொடுக்கனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உடனே வெளிப்பாருக்கு ஓடினான். போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆயிற்று. அங்கே ஒரு பாறை விளிம்பின் அடியில், வெயில் படாத குளிர்ந்த நிழலில், நீலப் பஞ்சு படர்ந்திருந்தது. ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கில் பிடித்துக்கொண்டு திரும்பினான். வழியில் வெயிலும் காற்றும் பட்டுப் பஞ்சு வெளுத்து அழுகத் தொடங்கியது. செவ்வந்தி அதை ஆசையாகத் தொட்டாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இது செத்துப்போச்சு அண்ணே. எனக்கு உயிரோடு இருக்கிற பஞ்சு வேண்டும்."

நாள் முழுக்க வெயில் காயும் அந்தக் குட்டையில் நீலப் பஞ்சு வளராது. கொடுக்கனுக்கு அது புரிந்தது. ஆனால் மறுநாள் அமாவாசை. நட்சத்திர மீனை மிஞ்சிய ஒன்று தன் வீட்டுக்கு வந்திருப்பதாகக் கரை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நாளைக்கு ஒரு பொழுது மட்டும் பொறுத்துக்கோயேன். எல்லோரும் பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே கொண்டுபோய் விடறேன்."

"பார்க்கிறதுக்கு நான் இருக்கணுமே அண்ணே," என்றாள் செவ்வந்தி.

ஊதாவும் மங்கிக் கிடந்த அவளைக் கொடுக்கன் முதுகில் ஏற்றிக்கொண்டான். பாறைகளுக்கு இடையே தண்ணீர் நின்ற பள்ளங்களாகப் பார்த்துப் பார்த்துப் போனான். இரவெல்லாம் நடந்து, விடிந்து வெகுநேரம் ஆன பிறகு, எதிரே விருந்தாளிகள் கும்பலாக வந்தார்கள். முன்னால் சிங்கி இறால்.

"உன் வீட்டு அதிசயத்தைப் பார்க்கத்தான் வர்றோம். நீ எங்கே கிளம்பிட்டே?" என்றது சிங்கி இறால். பிறகு மீசையை நீட்டி அவன் முதுகைத் தடவிப் பார்த்தது. "இது என்னப்பா, முதுகில் சேறு?"

கும்பல் சிரித்தது. ஒரு வாரம் முந்தி என்றால் கொடுக்கன் நின்று ஊதா நிறத்தையும் மஞ்சள் கரையையும் விவரித்திருப்பான். இப்போது முதுகில் அசைவு குறைந்துகொண்டே வந்தது. "வழியை விடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் விரைந்தான்.

வெளிப்பாரில் அந்தப் பாறை விளிம்பின் அடிக்கு வந்ததும் செவ்வந்தியைப் பஞ்சின் மேலேயே இறக்கிவைத்தான். அவள் அசையவில்லை. கொடுக்கன் தன் கால்களை எல்லாம் ஒடுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். நெடுநேரம் கழித்து அவள் வாய் மெல்லப் பஞ்சைக் கவ்வியது.

அதன் பிறகு அவள் தலை நிமிரவே இல்லை. எப்படி இருக்கிறது என்று கொடுக்கன் மூன்று முறை விசாரித்தான். பதில் வரவில்லை. வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. அவன் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பினான்.

ஓர் உயிரை அழகு பார்த்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன், அது என்ன தின்னும், அதை நம்மால் கொடுக்க முடியுமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரிக்காமல் காட்டும் அன்பு அதைப் பட்டினிதான் போடும்.