சொட்டு மருந்துக்குப் பின் ஒரு வாய்

தேயிலை மலை ஒன்றில், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில், ரோஸ்லின் என்று ஒரு குழந்தை இருந்தது. வயது ஒன்று தாண்டியும் தவழச் சோம்பியது. உதடு வெளுத்துக் கிடந்தது. அதன் ரத்தம் குடலின் வாசலில் உட்கார்ந்து இரும்புக்காகக் காத்திருந்தது.

இரும்பு தினமும் வரத்தான் செய்தது. காலையில் சொட்டு மருந்தாக நாக்கில் இறங்கும். துருவைப் போல் கசக்கும். பிள்ளை முகம் சுளிக்கும். அம்மா சந்தனமேரிக்கு மனசு தாங்காது. கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்திலும், "கசக்குதாடி தங்கம்? இந்தா," என்று பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து ஊட்டிவிட்டுத்தான் போவாள்.

பின்னாலேயே வரும் தேநீர், இரும்பின் தோளில் கை போடும்.

"வா மாப்ளே, போகலாம்."

"விடுப்பா. உள்ளே ஆள் காத்திருக்கு."

பிடி தளராது. கட்டிக்கொண்டபடியே இரண்டும் வாசலுக்குள் நுழையாமல் கடந்து, கழிவோடு வெளியே போய்விடும்.

"பெத்தவளை இப்படி ஏமாத்துறியே," என்று ரத்தம் ஒருநாள் தேநீரிடம் கேட்டது.

"நானா? அவ வர்ற வரைக்கும் இந்தப் பசியைத் தூங்க வைக்கிறது யாரு? இரும்பைக் கண்டா ஒட்டிக்கிறது என் பிறவிக் குணம். நான் என்ன செய்ய?" தேநீரும் களைத்துத்தான் இருந்தது.

நர்ஸ் புஷ்பவல்லி வந்தார். நெல் விளையும் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். குழந்தையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "எங்க பக்கமெல்லாம் இதுக்குப் புழுதாம்மா காரணம். மாத்திரை தர்றேன்."

மாத்திரை உள்ளே போய்க் குடல் முழுக்கத் தேடியது. "புழுவே இல்லையே! என்னை எதுக்கு மலை ஏத்துனாங்க?"

"வந்தது வந்தே. இரும்பைப் பிடிச்சு இழுத்துட்டுப் போற தேநீரையாவது கொஞ்சம் நகர்த்திட்டுப் போ," என்றது ரத்தம்.

"எனக்குப் புழுவைத்தான் தெரியும்ப்பா."

அடுத்த மாதமும் இமை அதே வெளுப்பு.

"மருந்து ஒழுங்கா குடுக்குறியா?"

"சத்தியமா ஒருநாள்கூடத் தவறல சிஸ்டர்."

"அப்ப பத்தல போல. ரெண்டு சொட்டு கூட்டிக் குடு."

"பின்னால வர்றவனைக் கேளுங்க!" என்று ரத்தம் உள்ளிருந்து கத்தியது. வெளியே அது பிள்ளையின் சிணுங்கலாகத்தான் கேட்டது.

மறுநாள் சந்தனமேரி சொன்னபடியே இரண்டு சொட்டு கூட்டிக் கொடுத்தாள். கசப்பும் கூடியது. பாவம் பிள்ளை என்று, இன்னொரு பிஸ்கட்டையும் தேநீரில் தோய்த்தாள்.