அக்கரை உப்பு

வள்ளங்களும் உப்பும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கேட்க ஆள் இருந்ததால் பேசின.

ஒரு வளைகுடாவின் தென்கோடியில் தெங்குத்தீவு என்றொரு சின்னத் தீவு இருந்தது. தென்னையும் மீனும்தான் அதன் சொத்து. அதற்கு நேர் எதிரே, விடியலில் பாய் விரித்தால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்தில், வெள்ளைத்துறை என்ற உப்பளக் கரை. அங்கே எங்கே திரும்பினாலும் உப்பு. இரண்டும் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த ஊர்கள். கூரை ஒழுகுவதை முதலில் பார்ப்பதா, துறைக்குக் கல் கட்டுவதை முதலில் பார்ப்பதா என்று தினமும் யோசிக்கிற ஊர்கள்.

எதிரெதிரே இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை. இரண்டுக்கும் கழுத்து வடக்கே திரும்பியே பழகிவிட்டது. வடக்கே பெரும்பட்டினம் இருந்தது. பெரிய கப்பல்கள், பெரிய பாரந்தூக்கிகள், சரக்கெல்லாம் அடுக்கிவைக்கிற, கூப்பிட்டால் எதிரொலிக்கிற பெரிய கிட்டங்கி. எது வேண்டுமானாலும் அங்கே போய் வாங்குவார்கள். எது விளைந்தாலும் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

தீவில் மரகதம் என்றொரு வள்ளம் இருந்தாள். வயிறும் அகலம், வாயும் அகலம். தீவின் கருவாட்டைப் பட்டினத்தில் இறக்கிவிட்டு, மீன் பதப்படுத்த உப்பு ஏற்றி வருவது அவள் வேலை. அலைக்குப் பயந்ததில்லை. சும்மா கட்டிக் கிடப்பதற்குத்தான் பயம்.

ஒரு நாள் பட்டினத்துக் கிட்டங்கி வாசலில் உப்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, நீரோட்டம் மாறுவதற்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய தோணி நின்றது. அவர் பெயர் பிச்சமுத்து, ஊர் வெள்ளைத்துறை.

"அண்ணாச்சி, கருவாடு ஏத்தியிருக்கீங்க போலிருக்கே. வாசனை வருது" என்று மரகதம் பேச்சைத் தொடங்கினாள்.

"ஆமா தாயி. பட்டினத்துக் கருவாடு. இது இல்லாட்டா எங்க ஊர்ல சோறு இறங்காது" என்றார் பிச்சமுத்து பெருமையாக.

அவர் மடியிலிருந்த சாக்குக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "மரகதக்கா, நான்தான், நெத்திலி. உங்க கூடத்தானே இங்க வந்தேன்?"

மரகதம் உற்றுப் பார்த்தாள். அவள் சுமந்து வந்த அதே நெத்திலிதான். பிச்சமுத்து மெல்ல எட்டி அவள் மடியிலிருந்த பெட்டிகளைப் பார்த்தார். பளபளவென்று வண்ணக் காகிதம் சுற்றியிருந்தது. காகிதத்தின் ஓரம் கிழிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு முகம் தெரிந்தது.

"ஏலே, உன்னையக் கொண்டாந்து இறக்குனது நாந்தானே?"

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி" என்றது உப்பு. "காகிதம் சுத்தின பிறகு பழைய பேச்சு எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

இரண்டு படகுகளும் கிட்டங்கியைத் திரும்பிப் பார்த்தன. கிட்டங்கி கோபித்துக்கொள்ளவில்லை. "என்னை ஏன் முறைக்கிறீங்க?" என்றது. "உங்களைப் பிரிச்சு வச்சவன் நான் இல்லை. நீங்க ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னீங்க. நடுவுல இடம் இருந்தது, நான் உட்கார்ந்தேன்."

அதில் பொய் இல்லை. மரகதம் யோசனையோடு ஊர் திரும்பினாள்.

தீவின் தலைவர் உச்சியார். எல்லாரையும்விட உயரமான தென்னை என்பதால் தலைவர். மரகதம் கண்டதையெல்லாம் அவரிடம் சொன்னாள். அவர் மட்டையை ஆட்டிச் சிரித்தார்.

"இருக்கட்டும் மரகதம். அவங்களும் நம்மள மாதிரியே தட்டுத்தடுமாறி எந்திரிக்கிறவங்க. அவங்ககிட்ட நேரா வாங்கி என்னத்தைக் காணப் போறோம்? பட்டினத்துக் கை பட்டு வந்தாத்தான் ஒரு சரக்குக்கு மதிப்பு."

அதே வாரம் வெள்ளைத்துறையிலும் பிச்சமுத்து இதே பேச்சை எடுத்து, இதே பதிலை வாங்கிக்கொண்டார் என்பது மரகதத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேச்சு அதோடு நின்றிருக்கும். ஆனால் அந்த மாசி மாதம் தீவுக்குச் சாளை மீன் வந்தது. வலை வலையாக, கரை முழுக்க வெள்ளியைக் கொட்டியதுபோல. உப்பு ஏற்றப் பட்டினத்துக்குப் போன மரகதம் வெறும் மடியோடு திரும்பினாள்.

"பெரிய கப்பலுக்கெல்லாம் ஏத்தின பிறகு பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

கரையில் கிடந்த சாளை தலையைத் தூக்கியது. "அதுவரைக்கும் நாங்க இருக்க மாட்டோம் அக்கா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உப்பு விழலைன்னா நாங்க தென்னைக்கு எருதான்."

மரகதம் யாரையும் கேட்கவில்லை. விடிந்ததும் பாயை ஏற்றினாள். ஆனால் தலையை வடக்கே திருப்பவில்லை, மேற்கே திருப்பினாள்.

வெள்ளைத்துறையில் படகு அணைய ஒரு நல்ல மேடை கூட இல்லை. சேற்றில் அடிவயிறு உரச நின்றாள். கரையில் மலைபோல் குவிந்திருந்த உப்பு அம்பாரம் குனிந்து பார்த்தது. அந்தத் துறையின் பெரிய மனுஷி அவள்தான். வெள்ளையம்மா என்பார்கள்.

"யாரு தாயி நீ? வழி தப்பி வந்துட்டியா?"

"இல்லம்மா. இப்பத்தான் வழி தெரிஞ்சு வந்திருக்கேன்." மரகதம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். சாளை, உப்பு, பட்டினம், எல்லாம்.

வெள்ளையம்மா தயங்கினாள். "பட்டினத்துக்காரங்க கேட்டா என்ன சொல்லுதது? நேரா குடுக்க ஆரம்பிச்சுட்டோம்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டாங்கன்னா?"

"தூக்கிக்கட்டும்மா. நாளைக்கே இறக்கிருவாங்க. உங்களுக்கு எங்ககிட்ட ஒண்ணும் வேண்டாமா?"

வெள்ளையம்மா சுற்றிலும் பார்த்தாள். "கீத்து வேணும். காத்து காலத்துல செம்மண் பறந்து வந்து என் மேல அப்பிக்குது. மூடிக்க ஒரு போர்வை இல்ல. பட்டினத்துல இருந்து வாற தென்னங்கீத்து வந்து சேரும்போதே நைஞ்சு போயிருது."

"கீத்தா? எங்க ஊர்ல காலுக்குக் கீழே கிடக்குது."

"இப்பக் கொண்டாந்திருக்கியா?"

"இல்லம்மா. அவசரத்துல வந்துட்டேன்."

வெள்ளையம்மா அவளுடைய வெறும் மடியைப் பார்த்தாள். பிறகு, "ஏத்துங்கலே" என்றாள். பக்கத்திலிருந்த சின்ன அம்பாரங்கள் முணுமுணுத்தன. இவள் திரும்பி வராவிட்டால்?

"வராட்டா ஒரு வள்ளம் உப்பு போச்சு" என்றாள் வெள்ளையம்மா. "வந்தா ஒரு ஊரே கிடைக்கும்லா."

மரகதம் ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். சாளை பிழைத்தது. அதாவது, கருவாடாகப் பிழைத்தது. மீனுக்கு அதற்கு மேல் என்ன வாழ்வு?

சொன்னபடி கீற்று போயிற்று. மறுபடி உப்பு வந்தது. அப்புறம்தான் சிக்கல் ஆரம்பமானது.

"உப்புல சேறு கலந்திருக்கு" என்றது தீவு. "பட்டினத்து உப்பு இப்படியா இருந்தது?"

"கீத்து பாதி அழுகியிருக்கு" என்றது துறை. "பட்டினத்துக் கீத்தே மேல் போலிருக்கே."

இரண்டு பக்கத்து வசவும் மரகதத்தின் மேல்தான் விழுந்தது. போகும்போது ஒரு குற்றப்பட்டியல், வரும்போது ஒன்று. பாரத்தைவிட அது கனத்தது. ஒரு நாள் தீவின் கரையில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு அசையாமல் நின்றுவிட்டாள்.

"இனிமே நான் சரக்குதான் சுமப்பேன், சண்டையைச் சுமக்க மாட்டேன்" என்றாள் உச்சியாரிடம். "குறையிருந்தா இங்கேயிருந்து யாராவது போய், அங்கேயே இருந்து பாருங்க. அவங்களும் ஒருத்தரை இங்க அனுப்பட்டும்."

ஊர் கூடிப் பேசியது. நம்ம மரத்தைக் கொண்டுபோய் அங்கே நட்டால் அது அவர்களுடையதாகிவிடாதா என்று கேட்டது ஒரு குட்டைத் தென்னை. எதிர்க்கரையில் கேள்வி வேறு மாதிரி இருந்தது: இவர்கள் ஒரு கால் ஊன்ற இடம் கொடுத்தால் மறுகாலையும் ஊன்றுவார்களோ? இரண்டு பயத்தையும் மரகதம் மறுக்கவில்லை. "இருக்கலாம்" என்றாள். "போகாம அது தெரியாது."

கடைசியில் காற்றில் சாய்ந்து கிடந்த சில தென்னைகள் தூண்களாயின. புதுக் கீற்று கூரையானது. மரகதத்தின் முதுகில் ஏறி ஒரு கொட்டகை அக்கரைக்குக் குடித்தனம் போயிற்று. பதிலுக்கு வெள்ளைத்துறை தன் செலவில் ஒரு சிமெண்ட் தொட்டியைத் தீவுக்கு அனுப்பியது, மீனை உப்பில் ஊறப்போட. பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி ஆயிற்று.

கொட்டகை போனதுமே காரணத்தைக் கண்டுகொண்டது. உப்பைச் சேற்றில் வைத்துத்தான் படகுக்கு ஏற்றுகிறார்கள், மேடை கிடையாது. தொட்டி இங்கே வந்து பார்த்தால், கீற்றை ஈர மணலில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே கொட்டகைக்குள் ஒரு மேடை எழும்பியது. இங்கே கீற்றுக்கு ஒரு பரண் ஏறியது. சண்டை போடுவதற்கு விஷயம் குறைந்துபோய், இரண்டு ஊரும் கொஞ்சம் வெறுமையாகக்கூட உணர்ந்தன.

பட்டினத்துக் கிட்டங்கி ஒரு தடவை கேட்டது. "என்ன மரகதம், நாங்க வேண்டாதவங்க ஆயிட்டோமா?"

"யார் சொன்னது? இப்பக் கருவாடு முன்னைவிட அதிகம். மிச்சமெல்லாம் உங்களுக்குத்தானே கொண்டுவர்றேன். எங்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கு, அவ்வளவுதான்."

கிட்டங்கி அதை ஏற்றுக்கொண்டது. ஏற்காமல் என்ன செய்யும்?

அடுத்த ஆண்டு சித்திரையில் ஒரு நடுப்பகல். தீவின் மணலில் சாளை வரிவரியாகக் காய்ந்துகொண்டிருந்தது. மரகதம் துறையில் கண்ணயர்ந்திருந்தாள். திடீரென்று வெயில் மங்கியது. அண்ணாந்து பார்த்தால், எருமை மந்தைபோல் ஒரு மேகம் கிழக்கிலிருந்து வந்து தீவுக்கு மேலே நின்றது.

"பயப்படாதீங்க" என்றது மேகம், கீழே காய்கிற மீனைப் பார்த்து. "உங்களை நனைக்க மாட்டேன். பாரம் தாங்கலை. அக்கரை போய்க் கொட்டிக்கிறேன்."

சாளை நிம்மதியாகப் புரண்டு படுத்தது. மரகதம்தான் சட்டென்று மேற்கே திரும்பினாள். வெள்ளைத்துறையில் அது உப்பு வாரும் சமயம். அம்பாரத்தைக் கீற்றால் மூடிவிடலாம். பாத்தி பாத்தியாக விளைந்து வாரத் தயாராய்க் கிடப்பதை எதைப் போட்டு மூட முடியும்? ஒரு மழை போதும், அத்தனையும் கரைந்து கடலோடு போய்விடும்.

அவள் உச்சியாரைப் பார்த்தாள். உச்சியாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது மட்டை அக்கரைப் பக்கம் சாய்ந்ததிலேயே தெரிந்தது. ஆனால் அவர் எப்படிச் சொல்வார்? மழை பெய்தால் அவருக்குக் கொண்டாட்டம், வீணாவது சாளை. அடுத்தவர் பிழைப்பைத் தன் வாயால் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தொட்டிக்கோ, தான் பிறந்த ஊரின் விஷயம் என்பதாலேயே கேட்க வாய் எழவில்லை.

காற்று வீசியது. மேகம் நகரத் தொடங்கியது.

"கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது. மணலில் காய்ந்துகொண்டிருந்த சாளைதான். "இங்கேயே கொட்டிட்டுப் போங்க."

மேகம் தடுமாறியது. "நீ காயணுமே?"

"நாங்க ஒரு வலை மீன். நாளைக்கே கடல் திரும்பக் கொடுக்கும். அவங்க மாசக் கணக்கா வெயில்ல நின்னு விளைய வச்சிருக்காங்க. அது போச்சுன்னா இந்த வருஷத்துக்குத் திரும்பி வராது."

"அவங்க உனக்கு என்ன உறவு?"

சாளை யோசித்தது. "அதுக்கு இன்னும் பேர் வைக்கலை" என்றது. "ஆனா அவங்க உப்பு இல்லாம எனக்கு மறுநாள்னு ஒண்ணு கிடையாது."

அது பாசமா, கணக்கா என்று மரகதத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பிரித்துப் பார்க்கத் தோன்றவும் இல்லை. அவள் தன் பாயை முழுக்க விரித்து, மேகத்தை மறிக்கிறவள்போல நின்றாள். படகுப் பாய் மேகத்தை மறிக்குமா? ஆனாலும் நின்றாள். உச்சியார் குனிந்தார். அத்தனை தென்னைகளும் அவரோடு குனிந்து, "இங்கேயே, இங்கேயே" என்றன.

மேகம் அப்படி ஒரு வேண்டுதலை அதுவரை கேட்டதில்லை. பொலபொலவென்று அங்கேயே கொட்டித் தீர்த்தது. சாளையெல்லாம் மணலோடு மணலாகிப் போயிற்று.

மறுநாள் காலை மரகதம் அக்கரைக்குப் போனாள். சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று வழியெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டே போனாள். சொன்னால் சொல்லிக்காட்டுவதுபோல் ஆகிவிடும் என்று பட்டது. வெள்ளைத்துறை பாத்திக்குப் பாத்தி உலர்ந்து, கண் கூச மின்னியது. கொட்டகை மேடையில் மூட்டைகள் வழக்கத்தைவிட இரு மடங்கு அடுக்கியிருந்தன. வெள்ளையம்மா மேடை விளிம்புவரை சரிந்து வந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரகதம் கயிற்றை வீசுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள். "நேத்து உங்க பக்கம் கறுத்துக் கொட்டிச்சே தாயி, காயப் போட்ட மீனு என்னாச்சு?"

அந்தத் துறை தோன்றிய நாளிலிருந்து, எதிர்க்கரையில் மழை பெய்ததா என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை.