இருட்டைப் படம் பிடிக்கச் சொன்னவர்

அடைமழைக் காலம். விறகுக் கொட்டகையின் கதவைச் சாத்தினால் உளுத்த கட்டையொன்று பச்சையாக மினுங்குகிறது என்று 'காட்டு விந்தைகள்' வாட்ஸப் குழுவில் எழுதினாள், வால்பாறையில் தேயிலை பறிக்கும் பவுனம்மாள்.

குழுவை நடத்தும் பேராசிரியர் தணிகாசலம் சீறினார். "இங்கே பேய்க்கதை வேண்டாம். பிளாஷ் போட்டுத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. இல்லையென்றால் நீக்கிவிடுவேன்."

அவள் பிளாஷ் போட்டு அனுப்பிய படத்தில் வெறும் கட்டைதான் தெரிந்தது. குழுவே சிரித்தது.

"சரிங்கய்யா. முதல்ல நீங்க கதவு ஜன்னலைச் சாத்திட்டு, உங்க வீட்டு இருட்டை பிளாஷ் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்க. அதைப் பாத்து நானும் எடுக்கறேன்," என்றாள்.

கால் மணி நேரம் கழித்து, அவளுக்கு மட்டும் பேராசிரியரிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, உங்களை நீக்கலை. லைட்டை அணைச்சதும் ஈரச் சுவரோரம் என் பழைய மர அலமாரி பச்சையா மினுங்குது. லைட் ஸ்விட்ச் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு. கொஞ்சம் பேசிக்கிட்டே இருங்க."