நகர்ந்து போன கிழக்கு

என் கொழுந்தன் தனஞ்செயன் வாயைத் திறந்தால், உண்மை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும். தண்ணீர், எண்ணெய் எல்லாம் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிற வேலை அவனுக்கு, புனேயில். எங்கள் புது வீட்டுப் பால் காய்ச்சலுக்கு வந்திருந்தான்.

பால் கிழக்கே பொங்கினால் குடிவருவோம், தெற்கே பொங்கினால் வாடகை வீட்டுக்கே திரும்புவோம் என்று மாமியார் தீர்ப்பு சொல்லியாயிற்று. ஜன்னலே இல்லாத அந்த அடுக்களையில் இன்னொரு கோடை என்னால் முடியாது.

"கவலையை விடுங்க அண்ணி. பாலும் காத்தும் தொட்டுக்கிற எல்லை இருக்கே, அது நகர்ந்துகிட்டே இருக்கும். அதைக் கட்டம் கட்டமா வெட்டிக் கணக்குப் போட்டுட்டேன். கிழக்குதான்."

"தப்பாதா?"

"என் கணக்கா? போன மாசம் ஒரு கடலலையைப் போட்டேன். அவ்வளவு துல்லியம், கீபோர்டே நனைஞ்சிருச்சு."

"டீயைக் கொட்டியிருப்பே," என்றார் என் கணவர்.

"டீயில சுறா வருமாண்ணா? ஆபீஸ்ல இடுப்பளவு தண்ணி. மேனேஜர் பரிசல்ல வந்தார். கணக்குல ஒரு புள்ளியைத் தள்ளி வெச்சேன், அலை உள்வாங்குச்சு. கூடவே மும்பைக் கடலும் உள்வாங்கிருச்சு. மீனவங்க போன் பண்ணி, கொஞ்சம் திருப்பி விடுங்கன்னு கெஞ்சினாங்க."

"எந்த பாஷையில?" என்றேன்.

"அலை இரைச்சல்ல சரியாக் கேக்கலை அண்ணி."

இதற்குள் பால் விளிம்புக்கு ஏறியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். என் கை இருக்கிறதே, பால் ஏறினால் தானாக அடுப்பை அணைத்துப் பழகிய கை. அணைத்துத் தொலைத்தது. பால் பொசுக்கென்று உட்கார்ந்தது. மாமியார் பார்த்த பார்வையிலேயே அது மறுபடி பொங்கியிருக்க வேண்டும்.

"இதுவும் கணக்குல இருக்கு," என்றான் தனா, கொஞ்சமும் கூசாமல். "அண்ணி கைக்குன்னு தனியா ஒரு கட்டம் போட்டிருக்கேன். பத்த வைங்க."

பற்றவைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பால் ஏறியது, தயங்கியது, நேராகத் தெற்கே வழிந்து, மேடையில் ஓடி, அவன் கால் கட்டைவிரலில் சொட்டியது.

போயிற்று என் ஜன்னல்.

தனா ஒற்றைக் காலில் நின்றபடி சொன்னான்: "கணக்கு சரிதாம்மா. இந்த வீட்லதான் கிழக்கு கொஞ்சம் நகர்ந்திருக்கு."

மாமியார் அவனையும் பாலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, கிழக்குன்னே வெச்சுக்குவோம். துணியை எடுத்து அந்தக் கிழக்கைத் துடைடா, எறும்பு வரும்."